அனுமதி சரி, ஆனாலும் மறுப்பு: எஸ்இலினக்ஸ் லேபிள் சிக்கல்களைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இணையதளத்தைத் திறந்தால் ‘403’ என்று முகத்தில் அடிக்கிறது. கோப்பின் அனுமதி 644, அடைவுகள் 755, உரிமையாளர் பெயரும் சரி. வெப் சர்வரை நிறுத்தித் தொடங்கியாயிற்று, இயந்திரத்தையே ரீபூட் செய்தாயிற்று. அப்போது பக்கத்து இருக்கைக்காரர் ‘செட்என்ஃபோர்ஸ் 0’ என்று தட்டச் சொல்கிறார். தட்டியதும் எல்லாம் ஓடுகிறது. ஏன் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. அந்த சர்வரில் பாதுகாப்பு அன்றோடு போயிற்று.

அந்தக் கட்டளைக்குக் கை போவதற்கு முன் செய்ய வேண்டியவை இங்கே. கட்டளை வரியில் ஓரளவு நடமாடத் தெரிந்தால் போதும். ஃபெடோரா, ரெட்ஹாட், ராக்கி, ஆல்மா லினக்ஸ்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கோப்போடு ஒட்டியிருக்கும் குறிப்புகள்

ஒரு கோப்புக்கு உள்ளடக்கம், பெயர், அளவு, தேதி, அனுமதி ஆகியவை இருப்பது எல்லோருக்கும் தெரியும். இவை போக, பெயரும் மதிப்புமாகச் சில குறிப்புகளையும் கோப்பின் ஐநோடோடு சேர்த்து வைக்கலாம். இவைதான் நீட்டிப்புப் பண்புகள், புழக்கத்தில் ‘எக்ஸ்ஆட்டர்’. ஒரு பண்பின் பெயர் 255 பைட் வரையிலும், மதிப்பு 64 கேபி வரையிலும் போகலாம் என்பது லினக்ஸ் கெர்னலின் வரம்பு. ஒவ்வொரு கோப்பு முறைமையும் இதற்குள் தன் சொந்த வரம்பை வைத்துக்கொள்ளும். அது பிறகு நம்மைக் கடிக்கும்.

பண்புகளின் பெயர்களில் நான்கு குடும்பங்கள் உண்டு. ‘யூசர்’ நம் சொந்த உபயோகத்துக்கு. ‘ட்ரஸ்டட்’ நிர்வாகிக்கு மட்டும். ‘சிஸ்டம்’ ஏசிஎல் போன்றவற்றுக்கு. ‘செக்யூரிட்டி’ பாதுகாப்புத் தொகுதிகளுக்கு. எஸ்இலினக்ஸ் தன் லேபிளை ‘செக்யூரிட்டி.செலினக்ஸ்’ என்ற பண்பில் எழுதுகிறது. ஸ்மாக் என்ற இன்னொரு தொகுதி ‘செக்யூரிட்டி.ஸ்மாக்64’-ல் எழுதுகிறது. கோப்புக்குத் தரும் தனி அதிகாரங்கள் ‘செக்யூரிட்டி.கேப்பபிலிட்டி’யில் இருக்கும். உபுண்டுக்காரர்களுக்குப் பழக்கமான ஆப்ஆர்மர் கோப்புக்கு லேபிள் ஒட்டுவதில்லை, பாதையின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவர்களுக்குப் பொருந்தாது.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை எஸ்இலினக்ஸை 2000 டிசம்பரில் வெளியிட்டது. அதை அப்படியே கெர்னலில் சேர்த்துக்கொள்ள லினஸ் டோர்வால்ட்ஸ் ஒப்பவில்லை. எந்தப் பாதுகாப்பு முறையையும் செருகக்கூடிய பொதுச் சட்டகம் ஒன்று வேண்டும் என்றார். அப்படிப் பிறந்ததுதான் லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்ஸ். 2003-ல் வந்த 2.6 கெர்னலில் இரண்டும் இருந்தன. ஆண்ட்ராய்டு 5.0 முதல் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் எஸ்இலினக்ஸ் முழுக் கண்டிப்போடுதான் ஓடுகிறது.

ஒரே லேபிள், மூன்று இடம்

ஒரு கோப்பின் லேபிள் என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று இடங்களில் இருக்கிறது. வட்டில் எழுதியிருப்பது ஒன்று. கெர்னல் நினைவில் வைத்திருப்பது இரண்டு. இந்தப் பாதையில் உள்ள கோப்புக்கு இன்ன லேபிள் இருக்க வேண்டும் என்று பாலிசிக் கோப்பு சொல்வது மூன்று. மூன்றும் ஒத்துப்போனால், மறுப்பு பாலிசி தெரிந்தே தந்தது. ஒத்துப்போகவில்லை என்றால் எந்த இரண்டுக்கு நடுவில் பிளவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பெரும்பாலோர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மூன்றையும் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

படி 1: தடுப்பது யார்?

‘கெட்என்ஃபோர்ஸ்’ என்று தட்டுங்கள். ‘என்ஃபோர்சிங்’ என்று வந்தால் எஸ்இலினக்ஸ் கண்டிப்பாக இருக்கிறது. ‘பெர்மிசிவ்’ என்றால் பதிவு மட்டும் செய்யும், தடுக்காது. எந்தெந்தத் தொகுதிகள் ஓடுகின்றன என்பதை ‘/சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/எல்எஸ்எம்’ கோப்பைப் படித்தால் ஒரே வரியில் தெரியும்.

கெர்னல் முதலில் பழைய அனுமதி முறையைப் பார்க்கும். அது தாண்டினால்தான் எஸ்இலினக்ஸிடம் கேட்கும். ஆகவே 644, 755 சமாச்சாரத்திலேயே தடை என்றால் எஸ்இலினக்ஸ் பதிவில் ஒன்றும் வராது. பதிவு காலியாக இருக்கிறது என்று குழம்புகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் நிற்கிறார்கள். கோப்பை மட்டும் பார்க்காமல் மேலே உள்ள ஒவ்வொரு அடைவையும் பாருங்கள். ‘நேம்ஐ -எல்’ கட்டளை முழுப் பாதையையும் அடுக்கிக் காட்டிவிடும்.

‘எல்எஸ் -எல்’ வெளியீட்டில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். யாரும் கவனிப்பதில்லை. எஸ்இலினக்ஸ் லேபிள் இருக்கிறது, வேறு கூடுதல் அனுமதி முறை இல்லை என்று அதற்குப் பொருள். புள்ளிக்குப் பதில் கூட்டல் குறி இருந்தால் ஏசிஎல் இருக்கிறது. ‘கெட்எஃப்ஏசிஎல்’ ஓட்டிப் பாருங்கள்.

படி 2: மறுப்புப் பதிவைப் படியுங்கள்

‘ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்’ என்று தட்டினால் கடந்த 10 நிமிட மறுப்புகள் வரும். நீளமான வரியைப் பார்த்து மலைக்க வேண்டாம். நான்கு இடங்களைப் படித்தால் போதும்.

வளைந்த அடைப்புக்குள் இருப்பது மறுக்கப்பட்ட செயல்: ‘ரீட்’, ‘ஓபன்’, ‘ரீலேபிள்டு’ மாதிரி. ‘எஸ்கான்டெக்ஸ்ட்’ கேட்டவரின் லேபிள்; அப்பாச்சி என்றால் நடுவில் ‘எச்டிடிபிடி_டி’ இருக்கும். ‘டிகான்டெக்ஸ்ட்’ கேட்கப்பட்ட பொருளின் லேபிள். ‘டிகிளாஸ்’ அந்தப் பொருள் கோப்பா, அடைவா, சாக்கெட்டா என்று சொல்லும். லேபிளில் கோலன் பிரித்த நான்கு துண்டுகள் உண்டு. சாதாரணச் சிக்கல்களில் மூன்றாவது துண்டு, அதாவது ‘_டி’ என்று முடியும் வகைப் பெயர்தான் முக்கியம்.

நம் 403-க்கு வருவோம். எஸ்கான்டெக்ஸ்டில் ‘எச்டிடிபிடி_டி’, டிகான்டெக்ஸ்டில் ‘யூசர்_ஹோம்_டி’ என்று இருந்தால் கதை விளங்கிவிட்டது. யாரோ வீட்டு அடைவில் வைத்திருந்த கோப்பை வெப் சர்வர் தொடப் பார்க்கிறது.

இந்தப் பதிவில் பெரும்பாலும் கோப்பின் கடைசிப் பெயர் மட்டும் இருக்கும், முழுப் பாதை இருக்காது. ‘ஐநோ’ என்ற இடத்தில் உள்ள ஐநோடு எண்ணை எடுத்து, அந்தப் பகிர்வுக்குள் ‘ஃபைண்ட் -எக்ஸ்டெவ் -ஐநம்’ ஓட்டினால் கோப்பு சிக்கும். தணிக்கை விதி ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் பாதையும் பதிவாகும். ‘ஆடிட்சிடிஎல் -டபிள்யூ /ஈடிசி/ஷேடோ -பி டபிள்யூ’ என்று ஒரு விதி போட்டுவிட்டுப் பிழையை மறுபடி நடக்கவிடுங்கள்.

படி 3: மூன்று லேபிள்களையும் பாருங்கள்

கெர்னல் நினைப்பதைப் பார்க்க ‘எல்எஸ் -இசட்’. இசட் பெரிய எழுத்து. பாலிசி சொல்வதைப் பார்க்க ‘மேட்ச்பாத்கான்’ என்று தட்டிப் பாதையைக் கொடுங்கள். இரண்டும் வேறுபட்டால் பாதி வேலை முடிந்தது.

வட்டில் இருப்பதைப் பார்க்கத்தான் சாமர்த்தியம் வேண்டும். ‘கெட்எஃப்ஆட்டர் -டி’ என்று தட்டுவார்கள், ஒன்றும் வராது. காரணம், அது ‘யூசர்’ குடும்பத்தை மட்டும் காட்டும். ‘-எம்’ போட்டு, ஒரு இடைவெளி விட்டு, வெறும் ஒரு கோடு போட்டால் எல்லாக் குடும்பமும் தெரியும். அப்போதும் ஒரு மயக்கம் இருக்கிறது. ‘செக்யூரிட்டி’ குடும்பப் பண்பைக் கேட்டால் கெர்னல் நேரே வட்டுக்குப் போவதில்லை. முதலில் பாதுகாப்புத் தொகுதியைக் கேட்கிறது. எஸ்இலினக்ஸ் தன் நினைவில் இருப்பதையே பதிலாகத் தருகிறது. வட்டில் லேபிளே இல்லாத கோப்புக்கும் ‘அன்லேபிள்ட்_டி’ என்று கூசாமல் பதில் வரும். எழுதாத பண்பு எழுதியதுபோலத் தெரியும்.

ஈஎக்ஸ்டி4 என்றால் தப்ப ஒரு வழி இருக்கிறது. ‘சிங்க்’ கொடுத்துவிட்டு ‘டீபக்எஃப்எஸ்’ கருவியில் ‘ஈஏ_லிஸ்ட்’ என்று கோப்பின் பாதையைக் கொடுங்கள். பாதை அந்தப் பகிர்வின் வேரிலிருந்து தொடங்க வேண்டும்; ‘/ஹோம்’ தனிப் பகிர்வு என்றால் ‘/ஹோம்’ என்ற முன்பகுதியை விட்டுவிடுங்கள். இது கெர்னலின் தொகுதியைக் கேட்காமல் வட்டிலிருந்து படிக்கும். வீட்டு அடைவில் உருவான ஒரு கோப்புக்கு ‘செக்யூரிட்டி.செலினக்ஸ்’ என்ற பெயரும் பக்கத்தில் 37 என்ற எண்ணும் வரும். ‘அன்கன்ஃபைண்ட்_யூ’வில் தொடங்கும் அந்த லேபிளை ஆங்கில எழுத்தில் எண்ணினால் 36. முடிவில் வரும் ஒரு சுழியப் பைட்டோடு 37. எக்ஸ்எஃப்எஸ் என்றால், கெர்னல் வரியில் ‘செலினக்ஸ்=0’ கொடுத்து மீட்பு முறையில் ஏறி கெட்எஃப்ஆட்டர் ஓட்டுவது எளிது. எஸ்இலினக்ஸ் இல்லாதபோது இடையில் பதில் சொல்ல யாரும் இல்லை, வட்டில் இருப்பதே வரும்.

நினைவில் ‘அன்லேபிள்ட்_டி’, வட்டில் ஒழுங்கான பெயர் என்று வந்தால், அந்த வகைப் பெயர் இப்போதைய பாலிசியில் இல்லை. ஏதோ ஒரு பாலிசித் தொகுதியை நீக்கியிருப்பார்கள். தொகுதியைத் திரும்ப நிறுவினால் லேபிள் மறுபடி உயிர் பெறும். கெர்னல் 5.1 முதல் மறுப்புப் பதிவிலேயே ‘டிராகான்’ என்று இந்தப் பழைய பெயர் வருவதால், பல நேரம் டீபக்எஃப்எஸ் வரை போக வேண்டியதில்லை.

படி 4: லேபிள் எங்கே தவறியது?

ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டை மேல் கட்டிய சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை இடம் மாற்றினால் சீட்டும் கூடவே போகும். சரக்கை வேறு சாக்கில் கொட்டினால் புதுச் சீட்டுதான். ‘எம்வி’ முதல் ரகம். வீட்டு அடைவிலிருந்து ‘/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல்’ அடைவுக்கு நகர்த்திய கோப்பு ‘யூசர்_ஹோம்_டி’யோடு வந்து உட்காரும். ‘சிபி’ இரண்டாம் ரகம். புதுக் கோப்பு, சேரும் அடைவின் வகையைப் பெறும். ஆனால் ‘சிபி -ஏ’ பழைய லேபிளையும் தூக்கி வரும். ‘எம்வி -இசட்’ என்று பெரிய இசட் போட்டால் புது இடத்துக்கு உரிய லேபிள் கிடைக்கும்.

பேக்கப்பில் நேர்மாறான சிக்கல். ‘ஆர்சிங்க் -ஏ’ பண்புகளை எடுத்துப் போகாது. பெரிய எக்ஸ் சேர்க்க வேண்டும். ‘டார்’ கருவிக்கு ‘--எக்ஸ்ஆட்டர்ஸ்’ கொடுத்தாலும் பிரிக்கும்போது ‘யூசர்’ குடும்பம் மட்டுமே திரும்பி வரும். மற்றவை வேண்டுமானால் ‘--எக்ஸ்ஆட்டர்ஸ்-இன்க்ளூட்’ என்று நட்சத்திரக் குறியோடு தனியாகச் சொல்ல வேண்டும்.

ரூட் கடவுச்சொல் மறந்து, கெர்னல் வரியில் ‘ஆர்டி.பிரேக்’ போட்டு ஏறி, ‘பாஸ்வேர்ட்’ கட்டளையால் மாற்றி, மகிழ்ச்சியாக ரீபூட் செய்தால் எந்தப் பயனராலும் உள்ளே நுழைய முடியாமல் போகும். இது புகழ்பெற்ற விபத்து. பாஸ்வேர்ட் கட்டளை பழைய ‘/ஈடிசி/ஷேடோ’வைத் திருத்துவதில்லை. புதுக் கோப்பு எழுதி அதைப் பழைய பெயருக்கு மாற்றுகிறது. அந்த நேரத்தில் பாலிசி ஏற்றப்படவில்லை, ஆகவே புதுக் கோப்புக்கு லேபிள் இல்லை. ‘ஷேடோ_டி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்லேபிள்ட்_டி’ வந்து நிற்கும். அதனால்தான் செய்முறையின் கடைசியில் ‘டச் /.ஆட்டோரீலேபிள்’ என்று ஒரு வரி இருக்கும். பலர் தாண்டிவிடும் வரி அது.

படி 5: கோப்பு முறைமைக்கு லேபிள் தாங்குமா?

‘/ப்ராக்/மவுன்ட்ஸ்’ கோப்பில் உங்கள் பகிர்வின் வரியில் ‘செக்லேபிள்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கோப்பு வாரியாக லேபிள் மாற்றலாம். பென்டிரைவில் வரும் ஃபேட் வடிவத்தில் பண்புகளுக்கே இடம் கிடையாது; எல்லாக் கோப்புக்கும் சேர்த்து ‘டாஸ்எஃப்எஸ்_டி’ என்ற ஒரே லேபிளைக் கெர்னல் போர்த்திவிடும். என்எஃப்எஸ் பதிப்பு 3 என்றால் எல்லாம் ‘என்எஃப்எஸ்_டி’. பதிப்பு 4.2-ல் லேபிள் பயணிக்கும், ஆனால் சர்வர் தன் எக்ஸ்போர்ட் வரியில் ‘செக்யூரிட்டி_லேபிள்’ என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

‘கான்டெக்ஸ்ட்=’ என்ற விருப்பத்தோடு மவுன்ட் செய்திருந்தால் வட்டில் என்ன எழுதியிருந்தாலும் கெர்னல் பார்க்காது. அங்கே, பாலிசி சொல்லும் லேபிளைத் திரும்ப ஒட்டும் ‘ரீஸ்டோர்கான்’ கட்டளையை ஓட்டி ‘ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்’ என்று வாங்கிக் கட்டிக்கொள்வது வீண் வேலை.

படி 6: எழுதவே மறுக்கிறதா? பிழையின் பெயரைக் கேளுங்கள்

லேபிளை மாற்றும் கட்டளையே தோற்றால் ‘எஸ்ட்ரேஸ்’ மூலம் ‘செட்எக்ஸ்ஆட்டர்’, ‘எல்செட்எக்ஸ்ஆட்டர்’, ‘எஃப்செட்எக்ஸ்ஆட்டர்’ ஆகிய மூன்று அழைப்புகளை மட்டும் கவனியுங்கள். திரும்பி வரும் பிழைதான் துப்பு.

‘இஆப்நாட்சப்’, எண் 95: கோப்பு முறைமையோ மவுன்ட் விருப்பமோ இடம் தரவில்லை, படி 5-க்குத் திரும்புங்கள். ‘இஇன்வால்’, எண் 22: நீங்கள் தட்டிய வகைப் பெயர் பாலிசியில் இல்லை, பெரும்பாலும் எழுத்துப் பிழை. ‘இபெர்ம்’, எண் 1: நீங்கள் கோப்பின் உரிமையாளர் அல்ல, அல்லது தேவையான அதிகாரம் இல்லை. ‘இஅக்செஸ்’, எண் 13: பெரும்பாலும் பாலிசியே தடுக்கிறது. லேபிள் மாற்றப் பழைய வகையிலிருந்து விடுபட அனுமதி, புதிய வகைக்குப் போக அனுமதி, புதிய வகை அந்தக் கோப்பு முறைமையில் தங்க அனுமதி என மூன்றும் வேண்டும். எது இல்லை என்று ஏவிசி வரியில் இருக்கும். ‘செட்எஃப்ஆட்டர் -எக்ஸ்’ மூலம் லேபிளையே அழித்துவிடலாம் என்று போனாலும் இதே 13 வரும். லேபிளை மாற்றலாம், நீக்கக் கூடாது என்பது எஸ்இலினக்ஸின் விதி.

விசித்திரமானது ‘இநோஸ்பேஸ்’, எண் 28. வட்டில் இடம் இல்லை என்று சொல்லும். ‘டிஎஃப்’ போட்டால் பாதி வட்டு காலி, ஐநோடும் தாராளம். சாதாரண ஈஎக்ஸ்டி4-ல் ஒரு கோப்பின் பண்புகளுக்கு ஐநோடின் மிச்ச இடமும் கூடுதலாக ஒரே ஒரு பிளாக்கும்தான், பெரும்பாலும் 4096 பைட். நீண்ட ஏசிஎல் பட்டியலும் பெரிய ‘யூசர்’ பண்புகளும் அதை நிரப்பிவிட்டால் எஸ்இலினக்ஸ் லேபிளுக்கு இடம் இருக்காது. வட்டு வாங்கக் கிளம்பாதீர்கள். அந்தக் கோப்பின் பண்புகளைக் குறையுங்கள்.

படி 7: சரிசெய்தல்

பாலிசி சொல்லும் லேபிளுக்கும் கோப்பின் லேபிளுக்கும் வித்தியாசம் என்றால் ‘ரீஸ்டோர்கான் -ஆர்வி’ போதும். ஆர் பெரிய எழுத்து. முதலில் ‘-என்’ சேர்த்து ஒத்திகை பாருங்கள். எதையும் மாற்றாமல், மாற்றப்போவதை மட்டும் காட்டும்.

பாலிசிக்கே உங்கள் அடைவைத் தெரியாது என்றால் கதை வேறு. வேரில் ‘/டேட்டா’ என்று புதிதாக ஒன்றை உருவாக்கி இணையதளத்தை வைத்தால் அது ‘டிஃபால்ட்_டி’ ஆக இருக்கும். ரீஸ்டோர்கான் எத்தனை முறை ஓட்டினாலும் அதேதான். ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி எச்டிடிபிடி_சிஸ்_கான்டென்ட்_டி’ என்று, பாதையோடு ‘(/.*)?’ சேர்த்து, மேற்கோளுக்குள் கொடுங்கள். இது விதியை மட்டும்தான் எழுதும், கோப்பைத் தொடாது. அதன்பின் ரீஸ்டோர்கான் ஓட்டினால்தான் லேபிள் மாறும். ‘சிஹெச்கான்’ உடனே மாற்றும். ஆனால் அடுத்த முழு ரீலேபிளில் காணாமல் போகும். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஆடிட்2அலவ்’ பற்றி என் கருத்து கடுமையானது. தப்பாக ஒட்டிய லேபிளுக்காக அதை ஓட்டினால், வெப் சர்வர் எல்லாருடைய வீட்டுக் கோப்பையும் படிக்கலாம் என்று விதி எழுதிக் கொடுக்கும். லேபிள் சரி என்று உறுதியான பிறகே அதன் பக்கம் போக வேண்டும்.

மூன்றும் ஒத்துப்போகிறது, ஆனாலும் மறுப்பு

கன்டெய்னர்களில் இது அடிக்கடி வரும். வகை ‘கன்டெய்னர்_ஃபைல்_டி’ என்று சரியாக இருக்கும். லேபிளின் வால்பகுதியில் ‘எஸ்0’-க்குப் பிறகு இரண்டு ‘சி’ எண்கள் இருக்கும். அவை கன்டெய்னரின் எண்களோடு பொருந்தாது. பாட்மேனில் பெரிய இசட் போட்டு வால்யூம் இணைத்தால் அந்த எண்கள் ஒரு கன்டெய்னருக்கே உரியவை. இரண்டாவது கன்டெய்னர் வாசலில் நிற்க வேண்டியதுதான். பகிர வேண்டுமானால் சிறிய இசட்.

பதிவே வராத மறுப்புகளும் உண்டு. ‘இதை மறு, ஆனால் எழுதாதே’ என்று பாலிசியில் பல விதிகள் இருக்கின்றன. ‘செமாட்யூல் -டிபி’ (இரண்டும் பெரிய எழுத்து) அவற்றைத் தற்காலிகமாக விலக்கும். முடிந்ததும் ‘செமாட்யூல் -பி’ (இங்கும் பெரிய எழுத்து) கொடுத்துத் திரும்ப வைத்துவிடுங்கள். ஒரு சேவையை மட்டும் தளர்த்திப் பார்க்க ‘செமேனேஜ் பெர்மிசிவ் -ஏ எச்டிடிபிடி_டி’ போதும், மொத்த சர்வரையும் திறந்துவிட வேண்டியதில்லை. இன்னும் ஆழம் வேண்டுவோருக்குக் கெர்னல் 5.10 முதல் ‘ஏவிசி:செலினக்ஸ்_ஆடிட்டட்’ என்ற தடப்புள்ளி இருக்கிறது. ‘பெர்ஃப்’ மூலம் பிடித்தால் எந்தச் செயல்கூறு வழியாக மறுப்பு வந்தது என்பது வரை காட்டும்.

எஸ்இலினக்ஸ் அல்லாத பண்புகளும் இதே வழியில் தொலையும். ‘செட்கேப்’ மூலம் அதிகாரம் கொடுத்த நிரலைப் பிறகு ‘சிஹெச்ஓன்’ செய்தால் கெர்னல் அந்த அதிகாரப் பண்பை அழித்துவிடும். உரிமையாளரை முதலில் மாற்றுங்கள், அதிகாரத்தைப் பிறகு கொடுங்கள். பண்புகள் மாறவில்லையா என்று சரிபார்க்கும் ஈவிஎம் ஓடும் இயந்திரம் என்றால் கூடுதல் கவனம் தேவை. அது எஸ்இலினக்ஸ் லேபிளையும் சேர்த்துக் கையொப்பமிட்டு வைத்திருக்கும். வெளியிலிருந்து வட்டை இணைத்து லேபிள் மாற்றினால் கையொப்பம் பொய்யாகி, கோப்பையே தொட விடாது.

உதவி கேட்கும்போது ‘எஸ்இலினக்ஸ் தொல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஏவிசி வரி முழுதாக, ‘எல்எஸ் -இசட்’ வெளியீடு, மேட்ச்பாத்கான் சொன்னது, அந்தப் பகிர்வின் மவுன்ட் வரி ஆகிய நான்கையும் ஒட்டி அனுப்புங்கள். இவை இருந்தால் பெரும்பாலான லேபிள் சிக்கலுக்கு உங்கள் சர்வரைத் தொடாமலே ஒருவர் பதில் சொல்லிவிட முடியும்.